வால்ட்ஸ் கற்றுத்தந்தவர் கேட்ட வழி

அறுபதுகளின் தொடக்கம். சிங்கப்பூரில் ஒரு தொடக்கப்பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். கணக்குதான் என் பாடம். பாட்டு வகுப்பு எடுத்த ஆசிரியை பிரசவ விடுப்பில் போனதும் அந்த வகுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். மூன்று வாரத்தில் இன்ஸ்பெக்டர் வந்து அந்த வகுப்பைத்தான் பார்க்கப் போகிறார், அவர் எழுதுவதை வைத்துத்தான் என் வேலை நிரந்தரமாகும் என்று தலைமையாசிரியர் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

பாடத்திட்டத்தில் இருபத்தேழு சொற்கள் இருந்தன. பீட் என்றால் சீராக விழும் தட்டு. பார் என்றால் அந்தத் தட்டுகளை இத்தனை இத்தனையாகப் பிரித்த கட்டு. டெம்போ என்றால் வேகம். வால்ட்ஸ் என்ற ஆட்டத்தில் கட்டுக்கு மூன்று தட்டு, ரும்பா ஆட்டத்தில் நான்கு. இரண்டே நாளில் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் வானொலியில் ஒரு பாட்டு வந்தால் அது வால்ட்ஸா ரும்பாவா என்று எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ஒரே ஒரு பிள்ளை கேட்டால் போதும், மாட்டிக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல், துணிந்து ஒரு கேளிக்கைப் பூங்காவின் நடனக்கூடத்துக்குப் போனேன். அங்கே வாத்தியக்குழு உண்டு. சீட்டு வாங்கிக் கொடுத்தால், அங்கே வேலை செய்யும் பெண்கள் நம்மோடு ஆடுவார்கள். ஒரு சீட்டுக்கு ஓர் ஆட்டம். பள்ளி ஆசிரியர் தலைகாட்டக்கூடிய இடமல்ல. நான் ஆடப் போகவில்லை, தட்டுகளை எண்ணத்தான் போனேன். தெரிந்த முகம் ஏதும் இருக்கிறதா என்று இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, மூலையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன்.

"என்ன, வரி ஆபீஸா? உங்களப் பாத்து எங்க முதலாளிக்கு வேர்த்து ஊத்துது லா."

நிமிர்ந்தால் ஒரு சீனப் பெண், என் வயதுதான் இருக்கும். கைக்குழந்தையாக இருந்தபோதே ஒரு தமிழ்க் குடும்பம் தத்தெடுத்து, சிராங்கூன் ரோட்டில் வளர்த்ததாம். அந்தக் காலத்தில் அப்படி வளர்ந்தவர்கள் பலர் இருந்தார்கள். அவருடைய தமிழ் என் தமிழைவிடச் சரளமாக இருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். நோட்டை வாங்கிப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துலயா? நாங்க ஆடுறதுக்கெல்லாம் அங்க பாடம் நடத்துறாங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். அவர் நான்காம் வகுப்போடு நின்றவர். முகமெல்லாம் அப்படி ஒரு சந்தோஷம்.

"எழுதினா வராது வாத்தியாரே. எழுந்திருங்க."

மூன்று சீட்டு வாங்கினேன். வால்ட்ஸ் வந்தபோது, "மொத அடிய பெருசா வைங்க, அடுத்த ரெண்டும் சின்னதா" என்றார். சா-சா-சாவுக்கு, "ரெண்டு மெதுவா, மூணு வேகமா." பிறகு மலாய் ஆட்டமான ஜோகெட். அதில் தட்டு இரண்டா மூன்றா என்று பிடிபடாமல் நடுவிலேயே நின்றுவிட்டேன்.

"உதடு அசையுது பாருங்க. எண்ணாதீங்க."

"எண்ணாம எப்படிங்க?"

"மழை வந்தா எண்ணிக்கிட்டா ஓடுவீங்க?"

"ஆமாங்க, எண்ணுவேன்" என்றேன், உண்மையாகவே. அவர் சிரித்த சிரிப்பில் டிரம்ஸ் வாசித்தவர் திரும்பிப் பார்த்தார்.

என் சீட்டுகள் தீர்ந்த பிறகும் நான்கு ஆட்டங்கள் சொல்லிக்கொடுத்தார். மறுபடி சீட்டு வாங்கப் போனவனைத் தடுத்து, "இது பிள்ளைங்களுக்கு" என்றார். ஆறாவது ஆட்டத்தில் என் கால் தானாகவே நகர்ந்தது.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, பிள்ளைகளை எழுந்து நிற்கவைத்து, அடி வைக்கச் சொல்லியே பாடம் நடத்தினேன். இப்படி ஒரு பாட்டு வகுப்பைப் பார்த்ததில்லை என்று அவர் எழுதினார். வேலை நிரந்தரமானது.

அடுத்த மாதம், பள்ளி விழாவுக்குப் பழம் வாங்கத் தலைமையாசிரியரோடு சிராங்கூன் ரோட்டுக்குப் போயிருந்தேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஒழுக்கத்தில் கறார். பழக்கடை வாசலில் நிற்கும்போது எதிரே அந்தப் பெண் வந்தார். பூப்போட்ட கவுன், கையில் காய்கறிக் கூடை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கையை உயர்த்திக்கொண்டே நெருங்கினார். வகுப்பு எப்படிப் போனது என்று கேட்கத்தான் வந்திருப்பார்.

"ஆரது? உமக்குத் தெரிஞ்ச பிள்ளையோ?" என்றார் தலைமையாசிரியர்.

"இல்ல சார். யாரோ சீனப் பொண்ணு. வழி கேக்க வருதுன்னு நினைக்கிறேன்."

தமிழில்தான் சொன்னேன். அவர் அப்போது எங்களிடமிருந்து மூன்றடி தூரத்தில் இருந்தார்.

உயர்த்திய கை பாதியிலேயே நின்றது. ஒரு தட்டு நேரம், அவ்வளவுதான். பிறகு அந்தக் கையாலேயே நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு, "துவான், பஸ் ஸ்டாப் மானா?" என்று மலாயில் பஸ் நிறுத்தத்துக்கு வழி கேட்டார். தமிழே தெரியாதவரைப் போல.

கையை மட்டும் நீட்டிக் காட்டினேன். "தெரிமா காசி" என்று நன்றி சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பி, நான் காட்டிய திசையில் நடந்தார்.

"நல்ல பணிவான பிள்ளை" என்றார் தலைமையாசிரியர்.

அன்று வாங்கிய வாழைப்பழங்களை மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் வேறு வேறு கணக்கு வந்தது.

சனிக்கிழமை நடனக்கூடத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்க வாத்தியாரே. இங்க என்னைத் தெரிஞ்சு, ரோட்டுல தெரியாமப் போறவங்க எத்தனையோ பேர். நான் எண்ணுறதில்ல" என்றார். அடுத்து அவரே, "பிள்ளைங்களுக்கு வந்துச்சா?" என்று கேட்டார்.

"முப்பத்தாறு பேருக்கு வந்துடுச்சு. ரெண்டு பேருக்கு மட்டும் வரல."

"அந்த ரெண்டும் உங்கள மாதிரி எண்ணிக்கிட்டு இருந்திருக்கும்" என்று சிரித்தார். நான் சிரிக்க முயன்றேன், முடியவில்லை.

இப்போது தெம்பனிஸில் மகன் வீட்டில் இருக்கிறேன். சிராங்கூன் ரோட்டுக்கு எப்போதாவது போவேன். பழக்கடை இருந்த இடத்திலிருந்து அன்று பஸ் நிறுத்தம் இருந்த இடம் வரை எழுபத்து நான்கு அடி. போகும்போதெல்லாம் நடந்து எண்ணிப் பார்க்கிறேன். அந்த ரோட்டிலேயே வளர்ந்த ஒருவர், என் பொய் என்னைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக, இந்த எழுபத்து நான்கு அடிக்கு என்னிடம் வழி கேட்டார் என்பதை மறந்துவிடக் கூடாதே என்று.