ஒன்பதாவது வரி

எத்தனையாவது வரி என்று எண் கொடுத்தால் அந்த வரியை மட்டும் காட்டும் பழைய யூனிக்ஸ் எடிட்டரில்தான் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். மகனின் லாட்ஜிலும் அதையே வைத்துக்கொண்டேன். மாடி டேங்குக்கு மோட்டார் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பது அங்குள்ள கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலாக இருக்கிறது. வரிக்கு ஒரு நேரம். அதைத் திருத்துவது ஒன்றுதான் அங்கே எனக்கு மிச்சமிருக்கும் வேலை.

லாட்ஜை நடத்தும் மருமகள் போன மாதம் எடிட்டரில் ஒரு வசதி சேர்த்தாள். ஒரு வரியைத் திறந்து, அதற்குள் கர்சரை நகர்த்தித் திருத்தலாம். அம்புக்குறியை அழுத்தினால் அடுத்த வரி வரும்.

"கண்ணால பார்த்து அழிங்க மாமா. தப்பு கம்மியாகும்."

"எனக்கு நம்பர் போதும்மா. கர்சர்லாம் எண்ணத் தெரியாதவங்களுக்கு."

பௌர்ணமியன்று காலை, தேவையற்ற இரண்டு நேரங்களை எடுக்க உட்கார்ந்தேன். ஏழாவது வரி, எட்டாவது வரி. எப்போதும் கீழிருந்து மேலாகத்தான் அழிப்பேன். அன்று வாசலில் வேன் வேனாக ஆட்கள் இறங்கினார்கள். இத்தனை பேருக்கும் தண்ணீர் போதுமா என்று மனம் அடித்துக்கொண்டது. ஏழாவதை அழித்தேன், எட்டாவதை அழித்தேன், சேமித்தேன்.

மதியம் மாடியிலிருந்து ஒருவர் தலையெல்லாம் சோப்பு நுரையோடு இறங்கிவந்தார்.

"இன்னாங்க, இப்படியே கிரிவலம் போவச் சொல்றீங்களா?"

மருமகள் ஓடிப்போய் மோட்டாரைக் கையால் போட்டுவிட்டு வந்து திரையைப் பார்த்தாள்.

"மதியம் மோட்டார் போடற வரியே இல்லியே மாமா. ஒன்பதாவதா இருந்துச்சே?"

அப்போதுதான் உறைத்தது. ஏழாவது போனதும் கீழிருந்தவை ஒவ்வொன்றும் ஓர் இடம் மேலேறிவிட்டன. ஒன்பதாவது எட்டாவதாகி, என் கையாலேயே போயிற்று.

"இனிமே நானே பார்த்துக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டாள். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

நான் நாற்காலியை விட்டு எழவில்லை. "உன் கர்சரைத் திறந்து குடு" என்றேன்.

ஒவ்வொரு வரியாக இறங்கினேன். எண் எங்கும் தெரியவில்லை. படித்துப் பார்த்துத்தான் நகர வேண்டியிருந்தது. அந்த ஃபைலை நான் முழுதாகப் படித்தது அன்றுதான். காலையில் அழியாமல் தப்பியிருந்த பழைய எட்டாவதை அழித்தேன். காலை மோட்டார் நிற்கும் வரிக்கு அடியில் மதிய வரியை அடித்து, அதையும் ஒருமுறை படித்துவிட்டுச் சேமித்தேன்.

"இப்ப இது எத்தனாவது வரி மாமா?"

"தெரியலம்மா."

"உங்களுக்கா தெரியல?" என்று சிரித்தாள். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். கம்ப்யூட்டரை என்னிடமே விட்டுவிட்டுத்தான்.