ஒளி எங்கே ஒளிந்தது

நேற்று எங்கள் தெருமுனையிலிருந்த மஞ்சள் சோடியம் விளக்கைக் கழற்றி, வெள்ளை விளக்கு மாட்டிவிட்டார்கள். கழற்ற வேண்டாம் என்று பஞ்சாயத்துக்கு இரண்டு விண்ணப்பமும் ஒரு நினைவூட்டலும் எழுதியிருந்தேன். உத்தியோகக் காலம் முழுக்கக் கோப்பு நகர்த்தியவனுக்கு அவற்றின் கதி தெரியாததல்ல. ஆனாலும் எழுதினேன்.

அதே மஞ்சள் விளக்கை வைத்துத்தான் அந்தக் காலத்தில் எங்கள் கல்லூரி இயற்பியல் செய்முறைத் தேர்வு நடந்தது. மேசைக்கு இரண்டு பேர். என்னோடு நின்றவள் எல்லையோரத் தமிழ்க் கிராமமான வடகரப்பதியிலிருந்து பஸ்ஸில் வருபவள்; தமிழ்ப் பள்ளியில் படித்தவள். தேறாவிட்டால் மாமன் மகனுக்குக் கட்டிவைப்பது என்று அவள் வீட்டில் முடிவாகியிருந்தது.

சோடியம் விளக்கின் முன்னால், உப்புநீரில் நனைத்த திரியைக் கொளுத்தினோம். தீயில் உப்பு உடைந்து சோடியம் அணு தனியாகும். விளக்கிலுள்ள அணு வீசும் ஒளி, தீயிலுள்ள அணுவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அப்படியே வாங்கிக்கொள்ளும். அதனால் மஞ்சளாக எரிய வேண்டிய தீ கறுப்பாக நின்றது.

வெளிச்சம் எங்கே போயிற்று என்று மலையாளம் மட்டுமே பேசும் தேர்வாளர் கேட்டார்.

"ஒளி ஒளிஞ்சுக்குச்சுங்க சார்" என்றாள் அவள்.

அவர்கள் பேச்சில் ஒளி என்றால் பதுங்குவதுதான். வெளிச்சத்துக்குப் பிரகாசம் என்பார்கள். திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆரு ஒளிச்சு?" என்றார், யார் ஒளிந்தது என்று.

"ஒளிதானுங்க."

அவர் சுழியம் போடப் பேனாவைத் திறந்தார். இரண்டு மொழியும் தெரிந்த நான் வாயைத் திறக்கவில்லை. கேள்வி கேட்கப்படாதவன் பேசக்கூடாது என்பது விதி. அப்போதே நான் அப்படித்தான். அவள் விளக்கை அணைத்தாள். கறுப்பாக நின்ற தீ மஞ்சளாயிற்று.

"அங்கயும் சோடியம், இங்கயும் சோடியமுங்க. ஒரே ஊட்டுச் சொத்து, வெளிய உடாதுங்க."

தேர்வாளர் சிரித்து மதிப்பெண் போட்டார்.

நேற்று மாலை அடுக்களையில் அவளிடம் அந்தத் தேர்வைப் பற்றிச் சொன்னேன். அந்த விடை தவறு. வாங்கிய ஒளியை அணு வைத்துக்கொள்வதில்லை, நாலாபுறமும் வீசிவிடும், நம் பக்கம் வருவதுதான் குறையும் என்று விளக்கினேன்.

கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்க. நானு மாமன் ஊட்டுக்குப் போயிருப்பேன், நீங்க தப்பிச்சிருப்பீங்க."

மேல்முறையீட்டுக்கான காலம் எப்போதோ முடிந்துவிட்டது. நான் விண்ணப்பிப்பதாகவும் இல்லை.