சலூன் சுவரில் அண்ணி

அந்தப் படத்தில் என் அண்ணி சிரித்துக்கொண்டிருந்தார். நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் காலம். தூறலில் நனைந்த புடவை உடம்போடு ஒட்டியிருக்க, முந்தானையை இடுப்பில் செருகி, உயரக் கிளையை வளைக்கக் கையைத் தூக்கியிருந்தார். படம் பிடிக்க வந்த பத்திரிகைக்காரர் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரிடம் அனுமதி கேட்டார். அண்ணியிடம் யாரும் கேட்கவில்லை. பக்கத்துச் செடியில் பறித்துக்கொண்டிருந்த நான் ஏதோ கேலி பேசினேன். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

சில வாரங்கள் கழித்து ரைட்டர் அந்த வார இதழைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு பக்கம் முழுக்க அண்ணி. பறிப்புக்கு வந்த பெண்கள் எல்லோரும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தோம். எங்கள் கண்ணில் பட்டது ரவிக்கையின் அக்குள் கிழிசலும், அதை இழுத்துப் பிடித்திருந்த ஊக்கும், கறையேறிய விரல்களும்தான். அண்ணி அந்த ஊக்கின்மேல் விரலை வைத்து மறைத்தார்.

"படம் புடிப்பாங்கன்னு தெரிஞ்சிருந்தா நீல ரவிக்கயப் போட்டுட்டு வந்திருப்பனே, கண்ணு. ஊரே பாத்திருக்குமே" என்றார். எங்கள் இல்லாமை ஊருக்குத் தெரிந்துவிட்டதே என்று எனக்கும் கூச்சமாக இருந்தது. வெட்கப்பட அதற்கு மேலும் ஒன்று இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஏற்காட்டுக்குச் சாமான் வாங்கப் போனோம். காய்க்காரம்மா அண்ணியை ஓரமாக அழைத்து, "உங்க படத்தச் சலூன்ல ஒட்டி வெச்சிருக்காங்களாம். ஆம்பளைங்க என்னென்னமோ பேசறாங்களாம்" என்றார். அண்ணி கூடையை என் கையில் கொடுத்துவிட்டு நேராகச் சலூனுக்கு நடந்தார். பெண்கள் நுழையாத இடம். நான் முந்தானையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை.

கண்ணாடிக்கு மேலே, நடிகைகளின் நடுவில் அண்ணி இருந்தார். காப்பிச் செடியையும் பழம் பறித்த கையையும் கத்தரித்து எறிந்துவிட்டு முகத்திலிருந்து இடுப்புவரை மட்டும் ஒட்டியிருந்தார்கள். ஊக்கும் அங்கேயேதான் இருந்தது. அதை ஒருவரும் பார்த்திருக்கமாட்டார்கள். வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒருவன், "இந்த மலையில இப்பிடி ஒண்ணு இருக்கறது தெரியாமப் போச்சேப்பா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நாற்காலியில், முகத்தில் பாதி நுரையோடு அமர்ந்திருந்தவரும் சிரித்தார். அவர் என் அண்ணன்.

கண்ணாடியில் எங்களைக் கண்டதும் அவர் முகம் செத்துப்போனது.

"ஏனுங், அந்தப் படத்தக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. அது நானுங்க" என்றார் அண்ணி.

கடைக்காரர் படத்தையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார். அவசரமாக அதைக் கிழித்தெடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "தெரியாமப் பண்ணிட்டனுங்கம்மா. உங்க ஊட்டுக்காரருகிட்ட மட்டும் சொல்லீராதீங்க."

அண்ணி நாற்காலிப் பக்கம் திரும்பவே இல்லை. "சொல்லமாட்டனுங்க" என்றார்.

நாங்கள் வெளியே வந்துவிட்டோம். சிரித்தவர் என் கூடப்பிறந்தவர் என்பதால் பஸ்ஸில் அண்ணியின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது. வீட்டுக்கு வந்ததும் அண்ணி படத்தை அடுப்பில் போட்டுவிட்டு உலை வைத்தார். இரவு வந்த அண்ணனுக்குச் சோறு போட்டார். அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அதன்பிறகு அண்ணன் எந்தச் சலூனிலும் உட்காரவில்லை. வீட்டிலேயே கன்னத்தைக் கீறிக்கொண்டு சவரம் செய்துகொள்வார். ஒருநாள் நான் பஞ்சை எடுத்து நீட்டியபோது, "அவ நொம்பத் திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பஞ் சாமி" என்றார்.

இன்றும் பஸ் நிலையக் கடையில் இதழ்கள் கிளிப்பில் தொங்குகின்றன. அட்டையில் இருக்கும் பெண்ணை ஆண்கள் நின்று பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவன் அவள் வீட்டு ஆளாகக்கூட இருக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறேன். தலை குனிந்தபடி கடந்துபோகிறேன். நான் எதற்குக் குனிய வேண்டும் என்பதுதான் இந்த வயதிலும் எனக்கு விளங்கவில்லை.