வழக்குப் பதியாத ஒரு திருட்டு

"வைகாசி இரண்டாம் ஞாயிறு, மாலைக் கூட்டம். 'மக்கள்தொகையும் குற்றங்களும்' என்ற அத்தியாயத்தை எழுத இருவர் முன்வந்துள்ளனர். ஆனி மாதக் கூட்டத்தில் இருவரும் வாசிப்பது; ஒன்றை மட்டும் ஏற்பது. மற்றது திருப்பித் தரப்படும்."

எங்கள் வாசகர் வட்டத்தின் கூட்டக் குறிப்பில் உள்ள வரிகள் இவை. எழுதியவன் நான். கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி வட்டம் ஒரு புத்தகம் போடுவதென்று முடிவாகி, ஆறும் வாய்க்காலும், திராட்சையும் ஏலமும், பள்ளிகளும் சந்தைகளும் என்று அத்தியாயங்களைப் பிரித்தபோது, இந்த ஒன்று எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். நினைக்கக் காரணம் இருந்தது. மதுரை மாவட்டத்திலிருந்து தேனி பிரிந்த காலம் முதல், மாவட்டத்தைப் பற்றி அரசு வெளியிட்ட எண்கள் எதையும் நான் தவறவிட்டதில்லை. மக்கள்தொகைக் கையேடு, புள்ளியியல் கைநூல், குற்றங்களின் ஆண்டறிக்கை என எல்லாவற்றையும் விலைக்கு வாங்கியோ நகலெடுத்தோ தேதிவாரியாகக் கட்டி வைத்திருக்கிறேன். உத்தமபாளையத்தில் உரக்கடை நடத்திய நாளிலேயே, கடைக்கு வரும் செய்தித்தாளில் திருட்டுச் செய்திகளை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவன். கடையை மகனிடம் விட்ட பிறகு எனக்கு வேறு வேலையே இல்லை.

"மற்றது திருப்பித் தரப்படும்" என்று எழுதியபோது அது யாருடையதாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் இன்னொருவர் யார் என்று தெரிந்த அன்றே என் கட்டுகளையெல்லாம் இறக்கி மறுபடி சரிபார்க்க உட்கார்ந்துவிட்டேன்.

அவர் புள்ளியியல் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தமபாளையத்து ராவுத்தர். எல்லாரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். விளைச்சலை மதிப்பிட வயலில் அளந்து கயிறு கட்டி, அந்த இடத்தை மட்டும் அறுத்து எடைபோடும் வேலை அவருடையது. அதற்காகப் பள்ளத்தாக்கின் வரப்பெல்லாம் நடந்திருக்கிறார். என்னைப் போல ஒழுங்காகக் குறித்து வைப்பவராக இருந்திருந்தால்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவரிடம் ஒரு தேதி கிடையாது.

"அது ஒரு மழைக்காலம்ணே. ஆத்துல தண்ணி செவப்பா வந்துச்சு" என்பார்.

"எந்த வருசம் பாய்?"

"வருசமா? உங்க வாசல்ல நிக்கிற தென்ன அப்ப இடுப்பு ஒசரம்."

புதன்கிழமைதோறும் அனுமந்தன்பட்டியில் உள்ள என் வீட்டுக்கு வருவார். என் கத்தரிப்புகளைப் பார்க்கத்தான் வருவதாகச் சொல்வார். என் மனைவி அவரை அண்ணே என்பாள். அவருக்கு இவள் தங்கச்சி. அவருக்குச் சர்க்கரை நோய் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. ஆனால் இரண்டாவது புதன்கிழமையே அவருடைய டீ சர்க்கரை இல்லாமல் வந்தது. எனக்கும் அதே நோய்தான். என் டம்ளரில் ஒரு கரண்டி போட்டுவிட்டு, "அய்யய்யோ, மறந்துட்டேங்க" என்று இன்றும் சொல்கிறாள்.

அத்தியாயத்துக்காக எங்கள் ஊரில் ஒரு தெருவை இருவரும் சேர்ந்து சுற்றிப் பார்ப்பது என்று பேசிக்கொண்டோம். கடைசியாகக் கையில் உள்ள கணக்கெடுப்பு 2011-ஆம் ஆண்டினுடையது. அதில் மாவட்டத்துக்குப் பன்னிரண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான மக்கள். அதற்குப் பிறகு ஊரில் எத்தனையோ மாறிவிட்டது. ஒரு தெருவிலாவது உண்மையில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்பது என் யோசனை. என் யோசனை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் வீட்டில் நான் பேனாவைத் திறந்து, "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டேன். அந்த அம்மாள் எனக்குத் தூரத்து உறவில் மதினி முறை.

"கார்டுல உள்ளபடி போட்டுக்கங்க கொழுந்தனாரே" என்றாள். அவ்வளவுதான்.

பாய் செருப்பைக் கழற்றாமல் படியோரம் நின்று, "ஏன் ஆத்தா, நடுவுலவன் வந்துட்டானா மலையில இருந்து?" என்றார்.

"எங்கண்ணே வந்தான்! அவனும் பொண்டாட்டியும் ஏலத் தோட்டத்துலயே தங்கிட்டாக. அங்கனயே ஒரு கார்டும் வாங்கிட்டாக. இங்கன பேர எடுக்கலாம்னா, எடுத்தா அரிசி போயிருமேன்னு வச்சிருக்கேன். சின்னவ திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போனவ, மாசமா இருக்கா, மாப்பிள்ளையக் காணோம்..."

என் மதினி எனக்குச் சொல்லாத குடும்பக் கதை முழுவதையும், முகம் மட்டும் தெரிந்த ஒரு வேற்றூர்க்காரரிடம் வாசற்படியில் கொட்டிக்கொண்டிருந்தாள். நான் பேனாவை மூடிவிட்டேன். அடுத்த வீட்டிலும் அதே. அதற்கடுத்த வீட்டில் என்னை விட்டுவிட்டு அவருக்கு மட்டும் மோர் வந்தது.

"ஒங்களக் கண்டா பயம்ணே அவகளுக்கு" என்றார் திரும்பும்போது. "நீங்க எழுதிருவீக."

"நீங்க எழுத மாட்டீங்களா?"

"எனக்கெங்க ஞாபகம் இருக்கு?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

ஆனி மாதக் கூட்டம் நூலக மாடியில் நடந்தது. செயலாளர் மருந்துக்கடைக்காரர், வடையும் டீயும் அவர் செலவு. முதலில் நான் வாசித்தேன். பதிவான திருட்டு எந்த ஆண்டில் ஏறியது, எந்த ஆண்டில் இறங்கியது, எந்த அறிக்கை, எந்தப் பக்கம் என்று ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டவர்கள் மதிப்புடன் கேட்டார்கள். இரண்டு பேர் கைபேசியைப் பார்த்தார்கள்.

பிறகு பாய் எழுந்தார். கையில் இருந்தது ஒரே ஒரு தாள்.

"ஸ்டேஷனுக்குப் போன திருட்ட அண்ணன் வாசிச்சுட்டாக. போகாத திருட்டு எங்க போகுதுன்னு நான் சொல்றேன்" என்று ஆரம்பித்தார்.

அவர் வாசித்தது காசு வெட்டிப் போடுவதைப் பற்றி. எங்கள் பக்கத்தில் எல்லாரும் அறிந்த வழக்கம்தான். பொருளைப் பறிகொடுத்தவர் அம்மன் கோயிலுக்குப் போய், ஒரு நாணயத்தை மஞ்சள் தண்ணீரில் கழுவி, கல்லில் வைத்து உளியால் இரண்டாக வெட்டிப் போடுவார். எடுத்தவன் குடும்பம் இப்படியே துண்டாகட்டும் என்பது வேண்டுதல். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வீட்டில் எழக் கூடாது. இது எனக்கும் தெரியும். ஆனால் அவர் அடுத்துச் சொன்னது எனக்குத் தோன்றியதே இல்லை. திருடியவன் வெளியாள் என்று பட்டால் எங்கள் மக்கள் ஸ்டேஷனில் புகார் கொடுக்கிறார்கள். சொந்தக்காரன் மேல் சந்தேகம் என்றால்தான் காசை வெட்டுகிறார்கள். புகார் கொடுத்தால் பேர் சொல்ல வேண்டும். சொன்னால் நல்லது கெட்டதுக்கு முகம் பார்க்க முடியாது. அம்மனிடம் பேர் சொல்வது யார் காதிலும் விழாது. ஆகவே காவல் நிலையத்தின் கணக்கில் விடுபடுவது எல்லாத் திருட்டும் அல்ல, சொந்தக்காரன் செய்த திருட்டுதான். பள்ளத்தாக்கில் ஒரு வீட்டில் தோட்டத்துப் பொருள் ஒன்று போனதையும், அந்த வீட்டுப் பெண் யாருக்கும் சொல்லாமல் போய்க் காசு வெட்டியதையும் சாட்சியாகச் சொல்லி முடித்தார்.

வரி வசூல் வேலை பார்ப்பவர், "எங்க வீட்லயும் அப்படித்தான், என் மச்சினன்..." என்று ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி முழங்கையால் இடித்தாள். அவர் வடையை எடுத்துக்கொண்டார்.

இத்தனை ஆண்டுக் கட்டுகளை நான் சுமந்து வந்திருக்க, ஒற்றைத் தாளில் இந்த மனிதர் அதையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டார். எழுந்தேன்.

"பாய், அது எந்த ஊர்?"

"இந்தப் பள்ளத்தாக்குதான்ணே."

"யார் வீடு?"

"அது சொல்லப்படாதுல்ல."

"சரி, பேர் வேண்டாம். எந்த வருசம்? எந்தத் தேதி?"

நான்கைந்து பேர் சிரித்தார்கள். "பாய்கிட்டப் போயித் தேதியா?" என்றார் ஒருவர். பாய் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார்.

"விட்ருங்கண்ணே" என்றார் மெதுவாக.

நான் விடவில்லை. ஊரில்லை, ஆளில்லை, தேதியில்லை. இதைப் புத்தகத்தில் எப்படிப் போடுவது என்று கேட்டேன். செயலாளர் சங்கடப்பட்டு, "ஆளச் சொல்லிருங்களேன் பாய், நமக்குள்ளதான" என்றார்.

பாய் தாளை நான்காக மடித்தார். "ஆதாரம் இல்லேன்னே வச்சுக்கங்கப்பா. அண்ணன் எழுதுனதயே போடுங்க."

அத்தியாயம் எனக்கு வந்தது. குறிப்பிலும் நானே எழுதினேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் பேக்கரியில் கால் கிலோ மிக்சர் வாங்கினேன். என் மனைவி முற்றத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். ஊர் இல்லை, தேதி இல்லை என்று பாய் விழித்ததைக் கொஞ்சம் நடித்தும் காட்டினேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன்.

"அவுக கடைசி வரைக்கும் சொல்லலையா?"

"இருந்தால்தானே சொல்வதற்கு!"

மொச்சைத் தோலை முறத்தின் ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "அது நாந்தான்" என்றாள்.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் திராட்சைத் தோட்டத்துக் கிணற்று மோட்டாரின் செம்பு வயரை யாரோ அறுத்துக்கொண்டு போனார்கள். அறுவடை நேரம். ஸ்டேஷனுக்குப் போனால் நாலு நாள் அலைய வேண்டும், வயர்தானே போனது என்று நான் புது வயர் வாங்கிப் போட்டுவிட்டேன். குற்றங்களின் ஆண்டறிக்கையை வரிவரியாகப் படிக்கிற என் வீட்டுத் திருட்டே அதில் இல்லை. இவள் அந்த வாரமே கோயிலுக்குப் போயிருக்கிறாள்.

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"ஒங்ககிட்டயா?" என்றாள், உண்மையாகவே வியப்போடு. "ஊருல பாதி ஒங்களுக்குப் பங்காளி, மீதி மாமன் மச்சான். ஒங்ககிட்டச் சொன்னா நீங்க போயி அந்த ஆளு மூஞ்சியப் பாப்பீக. அந்த அண்ணே நமக்கு ஒறவு மொறையா? ஒண்ணும் இல்ல. அவுககிட்டச் சொன்னா அங்கனயே நிக்கும். மனசுல கெடந்து அரிச்சுச்சு, ஒரு புதன்கெழம நீங்க மாடியில பேப்பர் எடுக்கப் போனப்ப சொன்னேன்."

"என்றைக்கு வெட்டினாய்?"

"தேதி கேப்பீகன்னு தெரியும். ஒரு செவ்வாக்கெழம."

"யார் பேரில்?"

அவள் மொச்சையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

"பாய்க்குத் தெரியுமா அது?" என்று பின்னாலேயே போய்க் கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சொல்லியிருக்கேன்" என்றாள்.

வேறு ஆணாக இருந்தால் வேறு விதமாகப் பொறாமைப்பட்டிருப்பேன். அதற்கு ஊரில் ஒரு பேராவது உண்டு. இது எந்தப் பேரிலும் அடங்கவில்லை. நாற்பது வருடம் ஒரே கூரைக்குள் இருந்து எனக்குக் கிடைக்காத ஒரு தகவல், சர்க்கரையில்லாத டீ குடிக்க வருகிறவரிடம் இருந்தது. அதை அவர் ஓர் அத்தியாயத்தைவிடப் பெரிதாகக் காப்பாற்றியும் விட்டார்.

இரண்டு நாள் அதே நினைப்பாக இருந்தேன். மூன்றாம் நாள் வேறு ஒன்று தோன்றியது. இப்போது ஆதாரம் என் கையில். ஊர், வீடு, பொருள், கிழமை எல்லாம் இருக்கிறது. "என் வீட்டிலேயே நடந்தது" என்று எழுதினால் பாயின் கருத்து முழுவதும் சாட்சியோடு என்னுடையதாகிவிடும். உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. மனைவியிடம் வாசித்துக் காட்டினேன்.

முழுவதும் கேட்டுவிட்டு, "போடுங்க" என்றாள். "நாளைக்கே ஒங்க தம்பி பொண்டாட்டி வந்து, யாரச் சொல்றீக அக்கான்னு கேப்பா. ஒங்க அக்கா வீட்டுல இருந்து போன் வரும். எல்லாரும் அவுகவுக மேலதான்னு நெனப்பாக. அதோட இனி ஒருத்தியும் அந்த அண்ணன்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டா. பாவம், அவுகளுக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

"எனக்கு மட்டும் என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

தம்பி மனைவி என்றாள், அக்கா வீடு என்றாள். அந்த இரண்டில் ஒன்றா, அல்லது இரண்டுமே இல்லை என்பதால்தான் தாராளமாகச் சொன்னாளா என்று யோசித்துக்கொண்டே மருந்துக்கடைக்குப் போனேன். மறுவாரம் தம்பி வீட்டுக் காதுகுத்து இருந்தது. அங்கே போய் ஒவ்வொரு முகமாகப் பார்க்கப் போகிறேன் என்பதும், அவள் பயந்தது சரிதான் என்பதும் எனக்கு அப்போதே தெரிந்தது.

செயலாளரிடம், அத்தியாயத்தை இரண்டாகப் பிரித்து, மக்கள்தொகையை என் பேரிலும் குற்றங்களைப் பாய் பேரிலும் போடச் சொன்னேன். பாயின் தாளில் ஒரு வார்த்தை மாற்ற வேண்டாம் என்றேன்.

"ரெண்டுல ஒண்ணுன்னு குறிப்பு எழுதுனதே நீங்கதானேண்ணே? ஆதாரம் கேட்டதும் நீங்கதான்."

"குற்றப் பகுதியில் என் கணக்கு முழுசாக இல்லை" என்றேன். "அவர்தான் சரி."

அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கசந்தது என்பதை அவர் அறிய வாய்ப்பில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, பல் வலிக்கு மாத்திரை தரவா என்று கேட்டார்.

புதன்கிழமை பாய் வந்தார். செய்தி போயிருந்தது. "ஏன்ணே இப்படி?" என்று மட்டும் கேட்டார். "பக்கம் நிரம்பவில்லை" என்றேன். என் மனைவி இரண்டு டீ கொண்டுவந்து வைத்தாள். அவரும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, சர்க்கரை போட்ட டீயைக் குடித்தேன்.

புத்தகம் இப்போது அச்சில் இருக்கிறது. மெய்ப்பு பார்க்கும் வேலை என்னுடையது. அவர் பகுதியில் இரண்டு ஒற்றுப் பிழைகள் மட்டும் திருத்தினேன். அடிக்குறிப்பு எதுவும் போடவில்லை. என்னிடம் உள்ள படியின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் எழுதி வைத்திருப்பது இது: பொருள், செம்பு வயர். புகார் இல்லை. காசு வெட்டிய நாள் செவ்வாய், மனைவி சொன்னபடி. யார் பேரில் என்பது சரிபார்க்கப்படவில்லை.