என் கணினியில் மட்டும் சரியாக இருந்த கோடு

எனக்குப் பொறுமை கிடையாது. அடுப்பில் பால் பொங்கும்வரைகூட நிற்க மாட்டேன். இந்தக் குணம் இன்னொருத்தி வீட்டுச் சுவரில் போய் விடியும் என்று மட்டும் நினைக்கவில்லை.

அரிமளம் பக்கம் ஒரு கண்மாயின் எல்லையை எங்கள் அலுவலகத்தில் கணினி வரைபடமாக வரைந்துகொண்டிருந்தோம். எல்லைக்குள் விழும் வீடுகள் ஆக்கிரமிப்புப் பட்டியலுக்குப் போகும். அந்த ஊர்க்கார அக்கா ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். எங்கள் நீலக்கோடு அவருடைய அடுப்படி வழியாகப் போயிருந்தது. போய்ப் பார்த்தேன், கண்மாய்க் கரை வீட்டுக்கு வெகு பின்னால் கிடந்தது. தப்பு எங்களுடையதுதான்.

"திருத்திர்றேன்க்கா, கவலைய விடுங்க" என்றேன்.

திரும்பி வந்தால் சர்வரில் உள்ள பொது டேட்டாபேஸில் கை வைக்க முடியவில்லை. பக்கத்து சீட் அண்ணன் கண்மாய்க் கோடுகள் இருந்த லேயரைத் திருத்தத் திறந்துபோட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். அவர் மூடினால்தான் அடுத்தவர் திருத்தலாம். நமக்கா காத்திருக்க வரும்? அந்த லேயரை என் கணினிக்கு நகலெடுத்துக் கோட்டை நகர்த்தினேன். என் புராஜெக்ட் ஃபைலில் அந்த நகலையே இணைத்தேன். அண்ணன் வந்ததும் சர்வரில் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஏற்றவில்லை. புராஜெக்ட் ஃபைலுக்குள் வரைபடம் இருக்காது. எது எங்கே கிடக்கிறது என்ற விலாசம்தான் இருக்கும். என் விலாசம் என் கணினிக்கே போனது. தினமும் திறந்தேன், தினமும் கோடு வீட்டுக்குப் பின்னால்தான் ஓடியது. வேலை முடிந்தது என்றே நம்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அக்காவின் போன்.

"ஏம்மா, இடிக்கணும்னு செவத்துல செவப்பு பெயிண்ட் அடிச்சிட்டுப் போறாங்க!"

"இருக்காதுக்கா. இங்கிட்டுச் சரியாத்தான இருக்கு?"

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். அதே ஊர், அதே நீலம். கோடு அடுப்படியில்.

சர்வரில் திருத்திப் புது வரைபடத்தை அச்சடித்துக்கொண்டு ஸ்கூட்டியில் பறந்தேன். குறுக்கே வந்த ஆட்டையெல்லாம் திட்டினேன். திட்ட வேண்டிய ஆள் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆட்சேபணை மனு குடுத்திருக்கீங்களாக்கா?" பட்டியல் பழைய கோட்டோடு போய்விட்டதால் இனி மனுதான் வழி என்று, அக்கா வீட்டு வாசலிலேயே கேட்டேன்.

"நீங்கதான் திருத்திர்றேன்னு சொன்னீங்களேம்மா. பெறகு எதுக்கு மனுன்னு இருந்துட்டேன்."

மனுவுக்கான கெடு போன வாரமே முடிந்திருந்தது. அவர் என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த அடுப்படியிலேயே உட்கார்ந்து மனு எழுதினேன். தாமதத்துக்கான காரணத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"எனக்கு ஒடம்பு முடியலன்னு எழுதிருங்க. ஒங்க வேலைக்கு எதுவும் வந்துறக் கூடாதுல்ல?" என்றார்.

அழுதுவிட்டேன். வரைபடம் தயாரித்த நான் திருத்திவிடுவதாகச் சொன்னதை நம்பியதால்தான் இவர் மனுக் கொடுக்கவில்லை என்று எழுதி, வாசித்துக் காட்டினேன். அவர் கையெழுத்துக்குக் கீழே நானும் போட்டேன்.

விசாரணைக்கு இன்னும் கூப்பிடவில்லை. சுவரில் பெயிண்ட் அப்படியே இருக்கிறது. தினமும் காலையில் அண்ணனுடைய கணினியில் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் என்னுடையதைத் திறக்கிறேன்.