அந்த வரி என் மருமகளுடையது அல்ல

எங்கள் மின் ஒப்பந்ததாரர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என் வாழ்க்கையை எழுதித் தரும்படி வருடந்தோறும் கேட்கிறார்கள். மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், ஏணி தூக்கப் போய், இன்று நாற்பது பேருக்கு வேலை கொடுக்கிறேன் என்பது நம் தொழிலில் தெரியாதவர் இல்லை. அப்படி யாராவது இருந்தால் செயலாளரிடம் பழைய மலர்களைக் கேட்டு வாங்கிப் படித்துக்கொள்ளட்டும். இந்த முறை என் மருமகளைப் பற்றி எழுதுகிறேன்.

அவளை நான் முதலில் பார்த்தது ஒரு மொட்டை மாடியில். ஓர் அரசு அலுவலகத்துக்குச் சோலார் பேனல் பொருத்திக்கொண்டிருந்தோம். தோளில் பையோடு ஒரு பெண் இரும்பு ஏணியில் ஏறி வந்தாள். பொது நிர்வாகத்தில் ஆராய்ச்சி செய்வதாகச் சொன்னாள். என்னைப் பற்றித்தான் கேட்கப் போகிறாள் என்று நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். அவள் கேட்டது வேறு.

"நீங்க மாட்டிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் இதை யார் கழுவுவாங்க?"

"ஆபீஸ்காரங்க பார்த்துப்பாங்கம்மா."

"ஆபீஸ்காரங்கன்னா யாரு? பேர் வேண்டாம், பதவி சொல்லுங்க."

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. என் வாயை அடைத்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். இன்னொருத்தி என் மனைவி. இந்தப் பெண் நம் வீட்டில் இருக்க வேண்டியவள் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். தானே பார்த்துப் பழகித் தேர்ந்தெடுத்ததாக என் மகன் சொல்லிக்கொண்டு திரிகிறான். அந்த மாடிக்கு அவனை வேலைக்கு அனுப்பியது யார் என்று அவனையே கேளுங்கள்.

அவள் அப்பா, அதாவது என் சம்பந்தி, ஓர் அரசு அலுவலகத்தில் கடைநிலை உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மேஜை துடைப்பது, கோப்பு சுமப்பது, மணி அடித்தால் ஓடுவது. அதிகாரி அறைக்கு வெளியே கிடந்த மர பெஞ்சில் உட்கார்ந்துதான் இவள் வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறாள். உள்ளே அப்பா திட்டு வாங்குவது வெளியே கேட்குமாம். அதையெல்லாம் அவள் சோகமாகச் சொல்ல மாட்டாள். பெருக்கல் வாய்ப்பாடு அதோடு சேர்ந்தே மனப்பாடம் ஆயிற்று என்று சிரிப்பாள்.

அவளுடைய ஆராய்ச்சி இதுதான். பருவம் கெட்டுவருகிறது, கரியை எரிப்பதைக் குறைக்க வேண்டும் என்று அரசு அலுவலக மாடிகளில் எல்லாம் பேனல் போட்டார்கள். இரண்டே வருடத்தில், யாரும் கழுவாமல் தூசி படிந்து, அவற்றில் பாதிக்கு மேல் மின்சாரம் தருவதை நிறுத்திக்கொண்டன. ஏன்? அதிகாரிகளைக் கேட்டால் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள், கீழ்நிலை ஊழியர்களின் அலட்சியம் என்று. இவள் அதை எழுதிக்கொண்டு மாடி மாடியாக ஏறிப் பார்த்தாள். மாடிக் கதவின் சாவி ஒரு பிரிவில் இருந்தது, தண்ணீர்க் குழாய் இன்னொரு பிரிவில். மின் கட்டணத்தைத் தலைமை அலுவலகம் கட்டியதால், மிச்சமானால் அந்த அலுவலகத்துக்கு ஒரு லாபமும் இல்லை. கழுவுவது யார் வேலை என்று எந்த உத்தரவிலும் இல்லை. கட்டுரையில் முதலில் அதிகாரிகள் சொன்னதைப் போட்டு, அடுத்த பக்கத்தில் அது தவறு என்று ஆதாரத்தோடு காட்டினாள்.

அந்தக் கட்டுரையை மற்ற ஆராய்ச்சியாளர்கள் மேற்கோள் காட்ட ஆரம்பித்தார்கள். மேற்கோள் என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அரசாங்கக் கடிதத்தில் 'பார்வை' என்று போட்டு, எந்தக் கடிதத்தை வைத்து இதை எழுதுகிறோம் என்று காட்டுவார்களே, அதுதான். எத்தனை பேருடைய பார்வையில் நம் பெயர் வருகிறதோ அத்தனை மதிப்பு. கணினியில் அதற்கு ஓர் எண் உண்டு. அது இருநூறைத் தாண்டியபோது நம் சங்கக் கூட்டத்தில் எழுந்து அறிவித்தவன் நான். உதவிப் பேராசிரியராகப் பாடம் நடத்திக்கொண்டிருந்த அவள், இணைப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தாள். அதற்கு அந்த எண்தான் பெரிய பலம் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் பித்தளையில் பெயர்ப் பலகை செய்யக் கொடுத்துவிட்டேன், பதவியோடு சேர்த்து. என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். நான் எந்த வேலையையும் கடைசி நேரத்துக்கு விடுவதில்லை.

நேர்காணல் நெருங்கிய சமயத்தில் சம்பந்தி அவளுக்குப் போன் செய்தார். பழைய அலுவலகத்து நண்பர்கள் ஒரு வரைவு உத்தரவைக் காட்டினார்களாம். பேனல் பழுதாகிக் கிடந்தால் அந்த அலுவலகத்துக் கடைநிலை ஊழியரின் ஊதிய உயர்வை நிறுத்துவது என்று. காரணம், அவர்களுடைய அலட்சியம் ஆய்வில் நிரூபணமாகிவிட்டதாம். பார்வையில் என் மருமகளின் பெயர்.

"ஏம்மா, நீயா எங்களைப் பத்தி இப்படி எழுதினே?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் அவளை உலுக்கிவிட்டது.

உட்கார்ந்து ஒவ்வொரு மேற்கோளாகத் தேடிப் பார்த்தாள். முதலில் யாரோ ஒருவர் அதிகாரிகள் சொன்ன பக்கத்தை மட்டும் படித்து, அதை அவளுடைய முடிவு என்று எழுதியிருக்கிறார். அடுத்தவர் அவரைப் பார்த்து எழுதினார். அதற்கடுத்தவர் இவரைப் பார்த்து. மூலக் கட்டுரையை ஒருவரும் திறக்கவில்லை, ஆனால் எல்லாரும் அவள் பெயரைப் போட்டுவிட்டார்கள். நம் தொழிலில் மெயின் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் பக்கத்து அறை ஒயரிலிருந்து இழுத்து இழுத்துக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வரைவு உத்தரவைத் தயாரித்த துறைக்கு எழுதினாள். நாங்கள் உங்கள் கட்டுரையை நேரில் பார்க்கவில்லை, மூத்த பேராசிரியர் ஒருவரின் நூலிலிருந்தே எடுத்தோம், அவரையே கேட்டுக்கொள்ளவும் என்று பதில் வந்தது. அந்த நூல்தான் நிர்வாகப் படிப்புக்கே பாடமாம்.

நேர்காணல் முடியட்டும், பதவி கைக்கு வந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திருத்திக்கொள் என்று நான் சொன்னேன். இன்றைக்கும் அது தப்பான யோசனை என்று நான் நினைக்கவில்லை. மகனும் அதையே சொன்னான். அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என் மனைவிதான், "அவ பேரு, அவ பார்த்துப்பா. நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டாச்சுன்னா எழுந்திருங்க" என்றாள்.

நேர்காணல் அறையில் நடந்ததை அவள் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்தில் நின்றபடியே சொன்னாள். சம்பந்தியும் வந்திருந்தார். குழுத் தலைவராக உட்கார்ந்திருந்தவர் அந்த நூலை எழுதியவரேதான். உள்ளே போகும்வரை இவளுக்குத் தெரியாது. மனிதர் அன்பாக வரவேற்றிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் காகிதத்தைப் பார்த்து, மேற்கோள் எண்ணிக்கை பிரமாதம் என்றிருக்கிறார். தலைவர், "இவங்க கட்டுரை இல்லேன்னா என் அஞ்சாவது அத்தியாயமே இல்லை" என்று சொல்லி, அந்த வரியைப் பார்க்காமலே ஒப்பித்தாராம், கீழ்நிலை ஊழியர்களின் அலட்சியமே காரணம் என்று.

"நீ என்னம்மா சொன்னே?" என்று கேட்டேன். பேசாமல் தலையாட்டியிருந்தால் போதும், பலகையை அன்றைக்கே மாட்டியிருக்கலாம்.

"அந்த வரி என்னுது இல்லை சார்னு சொன்னேன் மாமா. நான் தப்புன்னு காட்டறதுக்காக எடுத்துப் போட்டது. அடுத்த பக்கம் பாருங்கன்னு கட்டுரையை அவர் பக்கம் தள்ளினேன்."

"படிச்சாரா?"

"படிச்சார். அப்புறம் இன்னொருத்தர், அப்போ இந்த எண்ணுல எவ்வளவு சரியானதுன்னு கேட்டார். பாதிக்கு மேல கழிச்சிடுங்கன்னு சொன்னேன்."

சம்பந்தி அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்துபோய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஆயுள் முழுக்க அதிகாரிகளுக்குத் தண்ணீர் கொடுத்த கை. இந்த முறை மணி அடித்து யாரும் கூப்பிடவில்லை.

இம்முறை தேர்வு செய்யப்படவில்லை என்று சில வாரங்களில் தகவல் வந்தது. காரணம் எழுதவில்லை. நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று நான் கிளம்பினேன். "அங்கேயும் ஏணியைப் போட்டு ஏறிடாதீங்க" என்று என் மனைவி வாசலை மறித்தாள். மருமகளோ மறுநாள் வழக்கம்போல வகுப்புக்குப் போய்விட்டாள். அழுதாளா என்று எனக்குத் தெரியாது. என் மகனுக்குத் தெரிந்திருக்கும், அவன் சொல்ல மாட்டான்.

அதன் பிறகு அவள் ஒரு திருத்தக் குறிப்பு எழுதி வெளியிட்டாள், ஊழியர்களின் அலட்சியம்தான் காரணம் என்பதற்கு என் கட்டுரையை மேற்கோள் காட்டாதீர்கள் என்று. ஏறிக்கொண்டிருந்த எண் சட்டென்று படுத்துக்கொண்டது. தன் சரக்கைத் தானே வேண்டாம் என்று சொன்ன வியாபாரியை நான் பார்த்ததே இல்லை.

போன மாதம் தபாலில் ஒரு புத்தகம் வந்தது. அந்தப் பேராசிரியரின் நூல், இரண்டாம் பதிப்பு. உள்ளே கடிதம் எதுவும் இல்லை. ஐந்தாம் அத்தியாயம் புதிதாக எழுதப்பட்டிருந்தது. சாவி ஒரு பிரிவில், குழாய் ஒரு பிரிவில் என்று அவள் கண்டதெல்லாம் அப்படியே இருந்தது. முந்தைய பதிப்பில் இவர் கருத்தைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டேன் என்றும் போட்டிருந்தார். பெரிய மனிதர்தான், ஒத்துக்கொள்கிறேன். துறையின் அடுத்த வரைவில் ஊதிய உயர்வை நிறுத்தும் பத்தி காணாமல் போயிருந்தது. அதற்குப் பதில், கழுவும் பொறுப்பு எந்தப் பதவிக்கு உரியது என்பதை அலுவலகத் தலைவர் எழுத்தில் குறிப்பிட வேண்டும் என்று வந்திருந்தது.

சம்பந்தி புத்தகத்தில் அந்தப் பக்கத்தை விரல் வைத்து இரண்டு தரம் படித்தார். நான் ஆசையாகக் கேட்டேன்.

"இதுல எண் ஏறியிருக்குமேம்மா?"

"இல்ல மாமா. அதே புத்தகம்தானே, ஏற்கெனவே எண்ணியாச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சம்பந்தியும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, கணக்கு என்றால் எனக்குக் கணக்குதான்.

இந்த வருடம் மறுபடி விண்ணப்பித்திருக்கிறாள். பித்தளைப் பலகை பீரோவுக்கு மேல் துணி சுற்றி இருக்கிறது. பித்தளை சும்மா இருந்தால் கறுத்துப்போகும், அவ்வப்போது தேய்க்க வேண்டும். அது யார் வேலை என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பதவி, மாமனார்.