துறைமுக வாசலில் ஒரு சொல்

திருகோணமலைத் துறைமுக வாசலருகே மூதூர்ப் படகுக்காகக் காத்திருக்கிறேன். உலக யுத்தம் தொடங்கியதிலிருந்து உள்ளே போகும் கூலியாட்களை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சோதிக்கிறார்கள். என்னோடு கதைத்துக்கொண்டு நின்ற சல்லி ஊர்க் கந்தையரின் முறை வருகிறது. அவர் கையிலுள்ள சோற்றுப் பொட்டலத்தைக் காட்டிச் சிப்பாய் ஏதோ கேட்கிறான். எங்கள் இருவருக்கும் 'அவுட்' என்ற சொல் மட்டுமே விளங்குகிறது. வெளியே போகச் சொல்கிறான் என்று நினைத்துக் கந்தையர் திரும்பி நடக்கிறார். சிப்பாய் பாய்ந்து வந்து துப்பாக்கிக் கட்டையால் தோளில் அடிக்கிறான். சோறு மண்ணில் கொட்டுகிறது.

"வெளியே போ என்று நீதானே சொன்னாய்?" என்று ஆங்கிலத்தில் கத்துகிறேன்.

அவன் சிரிக்கிறான். வட இங்கிலாந்தில் அவனுடைய ஊரில் அதே ஓசையுள்ள 'owt' என்ற சொல்லுக்கு 'ஏதாவது' என்று பொருளாம். எழுதினாலும் ஓரெழுத்துத்தான் வித்தியாசமாம். பொட்டலத்துக்குள் ஏதாவது இருக்கிறதா என்றுதான் கேட்டானாம். இங்கிலீஷ் படிப்பிக்கும் நானே கேள்விப்படாத சொல்.

"உன் ஊர்ப் பேச்சு தெரியாததற்கா அடித்தாய்? மன்னிப்புக் கேள்."

"அவன் இங்கிலீஷ் படிக்கட்டும்" என்கிறான்.

நான் அவனை நோக்கி ஓரடி எடுத்து வைக்கிறேன். கந்தையர் என் கையைப் பிடிக்கிறார். "விடுங்கோ மாஸ்டர். நீங்கள் படகேறிப் போயிடுவீங்கள். நான் நாளைக்கும் இந்த வாசலாலதான் வரவேணும்."

தோளைப் பிடித்தபடி அவர் வேலைக்குப் போகிறார்.

படகு புறப்படுகிறது. நான் ஏறவில்லை. சிப்பாய் முறைக்க முறைக்க, அவன் கேட்பதன் பொருளை வரிசையில் நிற்பவர்களுக்குத் தமிழில் உரக்கச் சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.